அலாய் வீல் அடிபட்டதா? எதை ரிப்பேர் செய்யலாம், எதை மாற்றியே ஆக வேண்டும், கிளெய்மில் எப்படிக் கேட்பது

ஐப்பசி, கார்த்திகை மழையில் ரோட்டில் தண்ணீர் நின்றால் குழி எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு சக்கரம் டம் என்று உள்ளே இறங்கி ஏறும், ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் வெளிப்பக்கம் கீறல் கூட இருக்காது, சரி தப்பித்தோம் என்று கிளம்பிவிடுவோம். ரெண்டு நாள் கழித்து பைபாஸில் 90-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். அதற்கப்புறம் டயர் கடைக்காரர் தட்டி நிமிர்த்திவிடலாம் என்பார், ஷோரூமில் புது வீல்தான் வழி என்பார்கள், இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து பார்த்துவிட்டு 'ரிப்பேர் மட்டும்' என்று எழுதிவிட்டுப் போவார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றுதான். பூச்சில் பட்ட அடியை ரிப்பேர் செய்யலாம், உலோகத்தில் பட்ட அடிக்கு வீலை மாற்ற வேண்டும். உங்கள் வீல் இதில் எந்தப் பக்கம் என்பதை அது பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்னாலேயே அளந்து சர்வே ரிப்போர்ட்டில் எழுத்தில் ஏற்றிவிடுங்கள். ஏனென்றால் புட்டி வைத்துத் தேய்த்து பவுடர் கோட்டிங் (தூளாகத் தெளித்து அடுப்பில் வேகவைக்கும் பூச்சு) அடித்த பிறகு உள்ளே வெல்டிங் இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது.

அறிகுறிகளுக்குப் போகும் முன்

அடி பட்ட உடனே, அதே இடத்தில், குழியும் வண்டியும் ஒரே ஃபிரேமில் வருகிற மாதிரி ஒரு போட்டோ, வீலின் வெளிப்பக்கம் ஒன்று, ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு உள்பக்கம் ஒன்று எடுத்துவிடுங்கள். உள்பக்கப் போட்டோதான் முக்கியம், குழி அடியில் பெரும்பாலும் வளைவது உள் விளிம்புதான். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள். நாள் தள்ளிப்போய்ச் சொன்னால் 'இது பழைய அடி' என்ற பேச்சு வரும்.

அப்புறம் அந்தச் சக்கரத்தோடு ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். விபத்துக்குப் பிறகு ரிப்பேர் செய்யாமலே வண்டியை ஓட்டி, அதனால் சேதம் கூடினால் அந்தக் கூடுதல் சேதம் உரிமையாளர் தலையில்தான் என்று நம் ஊர் மோட்டார் பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. ஸ்பேரை மாட்டுங்கள். நிறைய கார்களில் ஸ்பேர் இரும்பு ரிம்மாக, சின்ன சைஸில் இருக்கும், வேக வரம்பு அதன் மேலேயே ஒட்டியிருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

ஏன் சூடு காட்டி நிமிர்த்தக் கூடாது

இது புரிந்தால் மீதி எல்லாமே எளிது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கம்பெனியிலிருந்து வரும் அலாய் வீல்களில் பெரும்பாலானவை ஏ356 வகை அலுமினியக் கலவையில் வார்த்தவை, அலுமினியத்தில் சுமார் 7% சிலிக்கானும் கொஞ்சம் மெக்னீசியமும். வார்த்து எடுத்ததும் அதற்கு வலு வந்துவிடாது. சுமார் 540 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்து, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி 150-170 டிகிரியில் சில மணி நேரம் பக்குவப்படுத்துவார்கள். டி6 என்று சொல்வது இதைத்தான். வீலின் வலு இந்தச் சூட்டுக் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போது தெருமுனைக் கடையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வளைந்த இடத்தில் கேஸ் டார்ச்சைக் காட்டுகிறார்கள், ஹைட்ராலிக் ஜாக்கி வைத்துத் தள்ளுகிறார்கள் அல்லது சுத்தியலால் தட்டுகிறார்கள். இரும்பு சூடானால் சிவக்கும், கைக்கு ஒரு அளவு கிடைக்கும். அலுமினியம் உருகும் வரைக்கும் நிறம் மாறாது. அந்த இடம் 200 டிகிரியில் இருக்கிறதா 400-ல் இருக்கிறதா என்று டார்ச் பிடிப்பவருக்கே தெரியாது. 400-க்குப் போயிருந்தால் அந்த இடத்தில் டி6 பக்குவம் போய்விட்டது, ரிம் வட்டமாகத் தெரியும் ஆனால் அந்தப் பகுதி மட்டும் மெத்தென்று ஆகியிருக்கும், அடுத்த குழியில் அதே இடம்தான் மடங்கும். சூடு காட்டாமல் தள்ளினாலும் ஆபத்துதான், வார்ப்பு அலுமினியத்துக்கு நெளிந்து கொடுக்கும் குணம் குறைவு, ஒரு தடவை வளைந்ததைத் திருப்பி வளைத்தால் மயிரிழை வெடிப்பு விடும். ஆர்கன் வெல்டிங்கும் இதே கதைதான், ஒட்டு பார்க்க நன்றாக இருக்கும், ஒட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ள உலோகம் பக்குவத்தை இழந்திருக்கும். வெல்டிங் செய்த பிறகு முழு வீலையும் மறுபடி 540 டிகிரி, தண்ணீர், பக்குவம் என்று கொண்டுபோகிற கடை இருந்தால் பேசலாம், அப்படி வசதி உள்ள கடையை நான் பார்த்ததில்லை.

கார் தயாரிப்பாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு இரண்டுமே வெல்டிங் செய்த, வளைத்து நிமிர்த்திய வீல்களை ஏற்பதில்லை என்று எழுத்திலேயே வெளியிட்டிருக்கின்றன, பூச்சு வேலையை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன. ஜெர்மனி வழிகாட்டுதலில் அழகு வேலைக்கு 1 மி.மீ. ஆழம்தான் எல்லை, சூடு காட்டுவது, வெல்டிங், நிமிர்த்துவது எல்லாம் தடை. இந்தியாவில் அலாய் வீலுக்கு ஏ.ஐ.எஸ். 073, ஐ.எஸ். 16192 என்று தரங்கள் இருக்கின்றன. வளைவில் திரும்பும்போது வரும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் சோதனை, சுமையோடு உருட்டும் சோதனை, வீலைச் சாய்த்து வைத்து எடையைப் போடும் சோதனை எல்லாம் அதில் உண்டு, ஆனால் அவை புது வீலுக்கானவை. தெருவில் நிமிர்த்திய வீலை யாரும் அந்த மெஷினில் ஏற்றிப் பார்ப்பதில்லை.

அறிகுறி: 80-110 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறது

முதலில் பேலன்சிங். குழியில் இறங்கியபோது ரிம்மில் ஒட்டியிருந்த வெயிட் தெறித்துப் போயிருக்கலாம், அப்படியானால் இது சின்ன வேலை. பேலன்சிங் மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்ஜியம் காட்டியும் நடுக்கம் போகவில்லை என்றால்தான் ரிம்மைச் சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் கோணிய ரிம்மையும் வெயிட் ஒட்டிப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்துவிட முடியும், எடை சமமானாலும் வட்டம் கோணல் கோணல்தான். நிறைய பேர் இந்த இடத்தில் ஏமாந்து மூன்று கடை மாறி மூன்று தடவை பேலன்சிங்குக்குக் காசு கொடுக்கிறார்கள்.

முன் சக்கரத்தைப் பின்னால் போட்டுப் பாருங்கள். ஸ்டியரிங் நடுக்கம் குறைந்து சீட்டில் தெரிந்தால் அந்தச் சக்கரம்தான். டயரா ரிம்மா என்று பிரிக்க டயரைக் கழற்றியே ஆக வேண்டும். வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷினிலேயே மாட்டி, டயல் கேஜ் (சின்னக் கோணலையும் முள் அசைந்து காட்டும் அளவுக் கருவி) முனையை டயர் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் வைத்து, கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். வெளியே தெரியும் உதட்டில் வைத்து அளந்தால் பயனில்லை, அங்கே இருக்கும் பழைய கீறலெல்லாம் முள்ளைத் தூக்கிவிடும். உட்காரும் இடத்தில், உள்பக்கம் ஒரு தடவை, வெளிப்பக்கம் ஒரு தடவை, மேல்கீழாக எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு, ஆக மொத்தம் நாலு எண். நல்ல ரிம்மில் முள் லேசாக அசைந்து திரும்பும். வளைந்த ரிம்மில் பாதிச் சுற்றுக்கு மேல் சும்மா இருந்துவிட்டு, அடி பட்ட இடம் வந்ததும் ஒரே தாவாகத் தாவும், அந்தத் தாவலை செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சர்வேயருக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

எல்லை எவ்வளவு என்பது உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அலாய்க்குப் பொதுவாக 0.3 மி.மீ.யிலிருந்து 0.8 மி.மீ. வரைக்குள்தான் சொல்லியிருப்பார்கள், இரும்பு ரிம்முக்குக் கொஞ்சம் தாராளம். அந்தப் பக்கத்தை ஷோரூமில் கேட்டுப் பிரிண்ட் வாங்குங்கள். எல்லையைத் தாண்டினால் மாற்றம், வேறு பேச்சு வேண்டாம்.

ரிம் வளைகிற அளவுக்கு அடி பட்டிருந்தால் டயரின் உள் சுவரில் வீக்கம் இருக்கிறதா, லோயர் ஆர்ம், டை ராடு, பேரிங் சத்தம், அலைன்மெண்ட் எல்லாம் அதே நாளில் பார்த்து அதே எஸ்டிமேட்டில் ஏற்றிவிடுங்கள். வீலுக்கு ஒரு கிளெய்ம், அடுத்த மாதம் பேரிங்குக்கு இன்னொன்று என்று போனால் இரண்டாவது நிற்காது.

அறிகுறி: நாலைந்து நாளுக்கு ஒரு தடவை காற்று இறங்குகிறது, ஆணி எதுவும் இல்லை

சக்கரத்தைக் கழற்றி தண்ணீர்த் தொட்டியில் முழுசாக முக்கணும். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பதும் சரிதான், ஆனால் உள்பக்கம் முழுக்கத் தெளிக்க வேண்டும். குமிழி எங்கே வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வால்வு அடியில் வந்தால் வால்வை மாற்றுங்கள், முடிந்தது. டயரும் ரிம்மும் சேரும் இடத்தில் சுற்றிலும் அங்கங்கே பொடிப்பொடியாக வந்தால் அது பெரும்பாலும் அரிப்பு. பூச்சு உரிந்து அலுமினியம் வெள்ளைத் தூளாகப் பூத்திருக்கும், டயரைக் கழற்றி, தூளைத் தேய்த்தெடுத்து, பூச்சு கொடுத்து மறுபடி மாட்டினால் நின்றுவிடும். இதற்கு இன்சூரன்ஸ் கிடையாது, தேய்மானக் கணக்கில் போய்விடும். ஆனால் அதே சேருமிடத்தில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரிசையாகக் குமிழி வந்தால் அங்கே விளிம்பு நெளிந்திருக்கிறது, மேலே சொன்ன டயல் கேஜுக்குப் போங்கள்.

ரிம்மின் உடம்பிலிருந்தே, ஸ்போக்குக்குப் பின்னால் உள்ள பகுதியிலிருந்து குமிழி வந்தால் அது வெடிப்பு. அடுத்த அறிகுறியைப் படியுங்கள், அதற்குள் அந்தச் சக்கரத்தை மறுபடி வண்டியில் மாட்டாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கோபமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாதிரி ரிம்முக்கு உள்ளே ட்யூப் போட்டுத் தருகிற கடைகள் இருக்கின்றன, வெடிப்பின் மேல் உள்ளிருந்து எபாக்சி அப்பித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். காற்று நிற்கும். வெடிப்பு நிற்காது. காற்று இறங்குவது மட்டும்தான் உங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை, ட்யூப் அதையும் அடைத்துவிடுகிறது. குடும்பத்தோடு போகிற வண்டியில் இதைச் செய்யக் கூடாது.

அறிகுறி: கோடு மாதிரி ஏதோ தெரிகிறது, கீறலா வெடிப்பா தெரியவில்லை

நகத்தால் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெயின்ட் மட்டும் விரிசல் விட்டிருக்கலாம், பெயின்ட் நன்றாக இருந்து அடியில் உலோகம் வெடித்தும் இருக்கலாம். அந்த இடத்துப் பூச்சை எடுத்துவிட்டு டை பெனட்ரன்ட் சோதனை, அதாவது சாயச் சோதனை, செய்யச் சொல்லுங்கள். மூன்று ஸ்ப்ரே டப்பா, ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். முதலில் கிளீனர் அடித்துத் துடைப்பார்கள், பிறகு சிவப்புச் சாயம் அடித்து சுமார் பத்து நிமிடம் ஊறவிடுவார்கள், மேலே இருக்கும் சாயத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பரைத் தூவுவார்கள். கீறல்தான் என்றால் வெள்ளையாகவே இருக்கும் அல்லது லேசாக மங்கலாகச் சிவக்கும். வெடிப்பு என்றால் உள்ளே இறங்கிய சாயம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஊறி, வெள்ளைக்கு நடுவே மெல்லிய சிவப்புக் கோடாக எழுந்து வரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடிக்கும்.

வெடிப்பு எங்கே இருந்தாலும் மாற்றம்தான். உள் விளிம்பில் இருக்கும் வெடிப்பை மட்டும் வெல்டிங் செய்யலாம், ஸ்போக்கில்தான் கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. விளிம்பில் தொடங்கிய வெடிப்பு விளிம்போடு நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அறிகுறி: பிளாட்ஃபார ஓரத்தில் உரசிய கீறல், வேறு ஒன்றுமில்லை

இதுதான் உண்மையான ரிப்பேர் கேஸ். இதற்கும் புது வீல்தான் வேண்டும் என்று நின்றால் அது நியாயமான கிளெய்ம் இல்லை. ஆழம் 1 மி.மீ.க்குள், வெளி உதட்டிலோ ஸ்போக் முகத்திலோ இருந்தால், டயரைக் கழற்றி ரிம்மின் வட்டம் சரியா என்று பார்த்துவிட்டு, தேய்த்து, ப்ரைமர், கலர், கிளியர் என்று முடிக்கலாம். அதைவிட ஆழமாக, கட்டியே பெயர்ந்து போயிருந்தால் அங்கே புட்டி வைத்து நிரப்புவது உலோகத்துக்குப் பதில் மாவு வைப்பதுதான், உதடு டயரைப் பிடிக்கிற இடம் என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் வீல் டயமண்ட் கட் ரகமா என்று முதலில் பாருங்கள். முகம் பளபளவென்று வெறும் உலோகமாக, கூர்ந்து பார்த்தால் பழைய கிராமபோன் தட்டு மாதிரி மெல்லிய வட்டக் கோடுகளோடு இருந்தால் டயமண்ட் கட். இதில் ஒரு மூலையை மட்டும் ரிப்பேர் செய்ய முடியாது, முழு முகத்தையும் சி.என்.சி. லேத்தில் மறுபடி சீவி, கிளியர் லேக்கர் அடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை சீவும்போதும் கொஞ்சம் உலோகம் போகும், அதனால் காலம் முழுக்கச் சீவிக்கொண்டே இருக்க முடியாது. ஏற்கெனவே ஒரு தடவை சீவிய வீல் என்றால் அதைச் சர்வேயரிடமும் கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். சாதாரண கடைகள் சில்வர் ஸ்ப்ரே அடித்து 'மேட்ச் ஆகிடுச்சு சார்' என்பார்கள், மற்ற மூன்றோடு சேர்த்து வெயிலில் நிறுத்தினால் தனியாகத் தெரியும். எஸ்டிமேட்டிலேயே டயமண்ட் கட் ஃபினிஷ் என்று எழுதி வாங்குங்கள், வெறும் 'வீல் பெயின்டிங்' என்று இருந்தால் உங்களுக்குக் கிடைப்பதும் வெறும் பெயின்டிங்தான்.

அறிகுறி: லேக்கருக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரி தடம், பூச்சு உரிகிறது

சென்னை, கடலூர், தூத்துக்குடி என்று கடற்கரை ஊர்களில் அதிகம். சின்னக் கீறல் வழியாக உப்பு ஈரம் உள்ளே போய் லேக்கருக்கும் உலோகத்துக்கும் நடுவே அரித்துக்கொண்டே போகும். இது விபத்து இல்லை, கிளெய்ம் போடாதீர்கள். வண்டி வாரண்டியில் இருந்தால் ஷோரூமில் கேட்டுப் பாருங்கள். ரிப்பேர் என்றால் மேலே பூசி மறைப்பது வேலைக்கு ஆகாது, முழுப் பூச்சையும் உரித்து அரிப்பை எடுத்தால்தான் நிற்கும்.

அறிகுறி: பெயின்ட் செய்து வந்த பிறகு நட்டு லூசாகிறது, புதிதாக நடுக்கம் வருகிறது

அழகு வேலை உயிர் ஆபத்தாக மாறுவது இந்த இடத்தில்தான். வீலின் பின்பக்கம் வண்டியின் அச்சு முனையான ஹப்போடு ஒட்டி உட்காரும் முகமும், நட்டு வந்து அமரும் கூம்புக் குழிகளும் வெறும் உலோகமாக இருக்க வேண்டும். மறைத்து ஒட்டாமல் பவுடர் கோட்டிங் அடித்துவிட்டால் அங்கே அறுபது, எண்பது மைக்ரான் பூச்சு உட்கார்ந்துவிடும். நட்டை இறுக்கும்போது டார்க் (இறுக்கும் விசையின் அளவு) சரியாகத்தான் காட்டும், வண்டி ஓடி வீல் சூடானதும் அந்தப் பூச்சு நசுங்கி, நட்டின் பிடி குறையும். வீலைத் திரும்ப வாங்கும்போது திருப்பிப் போட்டு இந்த இரண்டு இடத்தையும் பாருங்கள், பூச்சு இருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். மேனுவலில் சொன்ன டார்க்கில், டார்க் ரெஞ்ச் வைத்து, நட்சத்திர வரிசையில் இறுக்க வேண்டும், காற்று கன் வைத்து டர்ரென்று ஏற்றிவிட்டால் போதாது. 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒரு தடவை டார்க் பாருங்கள்.

பவுடர் கோட்டிங் அடுப்பின் சூடும் கவனிக்க வேண்டியதுதான், வழக்கமாக 180-200 டிகிரி. அந்த வீலைப் பக்குவப்படுத்திய சூட்டைவிட இது அதிகம். ஒரு தடவை, கடைக்காரர் சொன்ன நிமிடக் கணக்கில் வெளியே எடுத்தால் பெரிய சிக்கல் வராது, கலர் பிடிக்கவில்லை என்று உரித்து உரித்துத் திரும்பத் திரும்ப வேக வைப்பது நல்லதில்லை. டயர் அழுத்த சென்சார் இருந்தால் அடுப்புக்குப் போகும் முன் கழற்றியாக வேண்டும்.

இனி கிளெய்ம் பக்கச் சிக்கல்கள்

*சர்வேயர் 'ரிப்பேர் மட்டும்' என்கிறார்.* ரிப்பேர் செய்து கொடுப்பதா, மாற்றுவதா, பணமாகத் தருவதா என்று தேர்வு செய்யும் உரிமை பாலிசி வாசகப்படி கம்பெனிக்கு இருக்கிறது, அதனால் 'எனக்குப் புதுசுதான் வேண்டும்' என்று மட்டும் சொன்னால் எடுபடாது. வாதம் வேறு மாதிரி இருக்க வேண்டும். டயல் கேஜ் அளவு அல்லது சாயச் சோதனைப் போட்டோ, கூடவே சர்வீஸ் மேனுவல் பக்கம், 'இந்த அளவைத் தாண்டிய வீலை நிமிர்த்தவோ வெல்டிங் செய்யவோ கூடாது, மாற்ற வேண்டும்' என்று ஷோரூம் லெட்டர்ஹெட்டில் ஒரு வரி. இவற்றை மெயிலில் அனுப்பி, ரிப்பேர் என்றால் எந்த முறையில் ரிப்பேர், அதற்கு யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள்.

*டயரை முழுசாகத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.* டயர் மட்டும் போனால் அடிப்படை பாலிசியில் கிடையாது. ஆனால் அதே விபத்தில் வண்டிக்கும் சேதம் என்றால் டயர் விலையில் 50% உண்டு. வீல் வளைந்ததும் வண்டிச் சேதம்தான். அதனால்தான் வீல் சேதத்தை முதலில் நிரூபிப்பது முக்கியம், வீல் நின்றால் டயரும் கூடவே நிற்கும்.

*தேய்மானம் எவ்வளவு பிடிப்பார்கள்?* உலோகப் பாகத்துக்கு வண்டியின் வயதுப்படி. ஆறு மாதத்துக்குள் ஒன்றுமில்லை, ஒரு வருடம் வரை 5%, இரண்டு வரை 10%, மூன்று வரை 15%, நாலு வரை 25%, ஐந்து வரை 35%, பத்து வரை 40%, அதற்கு மேல் 50%. பெயின்டிங்குக்குத் தனிக் கணக்கு: பொருள் செலவில் மட்டும் 50%. கூலி, பொருள் பிரிக்காமல் ஒரே பில்லாக இருந்தால் மொத்தத்தில் 25%-ஐப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது 4,000 ரூபாய் ரீஃபினிஷ் பில்லில் 1,000 பொருள், அதில் பாதி, 500 ரூபாய்தான் பிடிக்கலாம். முழு 4,000-க்கும் பாதி பிடித்திருந்தால் அது தவறு, கேளுங்கள். ஜீரோ டெப் (தேய்மானம் பிடிக்காத ஆட்-ஆன்) இருந்தால் இந்தப் பிடித்தம் இல்லை, ஆனால் கட்டாயக் கழிவு (ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்கும் தொகை) போகத்தான் போகும், 1500 சி.சி. வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000.

*நாலு வீலுக்கும் கேட்டேன், ஒன்றுதான் கொடுத்தார்கள்.* வேறு வேறு நாளில் உரசியது வேறு வேறு விபத்துதான். பழைய கீறலை இந்தக் கிளெய்மில் சேர்க்கப் பார்க்காதீர்கள், நேர்மையான வீலும் சேர்ந்து சந்தேகத்துக்குள் போய்விடும்.

*வெளியில் வாங்கிப் போட்ட அலாய்.* பாலிசியில் துணைப்பொருளாகப் பதிந்து பிரீமியம் கட்டியிருந்தால்தான் அதன் விலைக்குக் கேட்க முடியும். பதியாதவர்கள் அடுத்த புதுப்பிப்பில் பில்லோடு பதிந்துவிடுங்கள்.

கிளெய்ம் போடுவது லாபமா?

வேலை தொடங்கும் முன் ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, மூன்றரை வருட வண்டி, 1200 சி.சி., ஜீரோ டெப் இல்லை, வீல் 14,000, டயர் 7,000 என்று வைப்போம். வீலில் 25% போக 10,500. டயரில் பாதி 3,500. மொத்தம் 14,000, கழிவு 1,000 போக கைக்கு 13,000.

இப்போது நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. இப்போது 35%-ல் இருக்கிறீர்கள், சொந்தச் சேத பிரீமியம் (உங்கள் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பங்கு) தள்ளுபடிக்கு முன் 10,000 என்றால், கிளெய்ம் போடாமல் இருந்தால் அடுத்த வருடம் 45%, பிறகு 50%-லேயே நிற்கும். போட்டால் பூஜ்ஜியம், 20, 25, 35, 45 என்று திரும்ப ஏற வேண்டும். வித்தியாசத்தைக் கூட்டினால் 4,500, 3,000, 2,500, 1,500, 500, ஆக ஐந்து வருடத்தில் 12,000. வண்டி மதிப்பு இறங்க இறங்க பிரீமியமும் இறங்கும், அதனால் உண்மையான இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் 13,000 வாங்க 12,000 பக்கம் விடுவது யோசிக்க வேண்டிய விஷயம். வெறும் கீறலுக்கு 4,000 ரூபாய் ரீஃபினிஷ் என்றால் யோசிக்கவே வேண்டாம், கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். இரண்டு வீல், லோயர் ஆர்ம் என்று பில் பெரிதானால் தயங்காமல் போடுங்கள். போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இருக்கிறதா என்றும் பாலிசியில் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும், போனஸை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக வளைந்த வீலை 1,500 ரூபாய்க்குத் தட்டி மாட்டிக்கொள்ளாதீர்கள். கிளெய்ம் போடாவிட்டாலும் அந்த வீலை மாற்றத்தான் வேண்டும். அவசரத்துக்கு வழியில்லை என்றால் அதே சைஸ் இரும்பு ரிம் விலை மிகக் குறைவு, அழகு கொஞ்சம் போகும், அவ்வளவுதான். பழைய வீல் வாங்குவதாக இருந்தால் அதையும் டயல் கேஜில் ஏற்றிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், புதிதாகப் பெயின்ட் மணக்கும் பழைய வீல் என்றால் பூச்சை எடுத்துச் சோதிக்கச் சம்மதிக்காதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

கம்பெனி இறங்கி வரவில்லை என்றால்

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில், அளவு, போட்டோ, மேனுவல் பக்கம் எல்லாம் இணைத்து. சர்வே ரிப்போர்ட் நகல் கேட்டு வாங்குங்கள், சர்வேயர் உண்மையில் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்காமல் வாதாடிப் பயனில்லை. 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலும் 155255 எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

இதெல்லாம் முடியும் வரை பழைய வீலைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். வெடிப்பின் மேல் சாயச் சோதனை செய்த அதே வீல், அடி பட்ட இடத்தில் மார்க்கர் பேனாவால் வண்டி எண்ணும் தேதியும் எழுதி, உங்கள் கையில் இருக்கட்டும். பணம் வந்து சால்வேஜாக, அதாவது கழித்த பாகமாக, கம்பெனி கேட்கும்போது கொடுத்தால் போதும்.